வேலி போட்ட நேரம்

அந்தக் கதிரையில் இருக்க வேண்டாம் தம்பி, பின்கால் ஒன்று ஆடும். இதில் இருங்கள், காற்றும் படும். தேத்தண்ணீர் நான் போட்டது, சீனி கூடிப்போயிருந்தால் குறை நினைக்காதீர்கள். மனைவி பத்மாசனி நெளுக்குளத்தில் மகள் வீட்டில் நிற்கிறாள். தேர்தல் முடிந்த கிழமை போனவள். பேரனுக்குச் சளி என்று சொல்லிப் போனாள். அது இன்னும் மாறவில்லையாம்.

வந்ததும் வராததுமாக நீங்கள் நேரே கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. "சிற்றம்பலம் ஐயா, தேர்தலுக்கு முதல்நாள் யானைவேலியை எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?" இத்தனை மாதமாக என்னிடம் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எல்லோரும் அந்தப் பக்கத்தில் வேலியைப் பார்க்கிற பரமேஸ்வரனைத்தான் பிடித்துக் கேட்டார்கள். கேட்காத கேள்விக்கு நானாகப் போய்ப் பதில் சொல்வது அழகில்லை என்று பேசாமல் இருந்தேன். இப்போது கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் நேரத்தை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் பின்னுக்குப் போய் வரவேண்டும்.

குளத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். எங்கள் தகப்பன்மார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, காடு வெட்டி வயலாக்கினவர்கள். குளத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரமாக இருப்பது முதிரையடி. மலையகத்துச் சனம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களிலிருந்து அடிவாங்கி வந்தவர்கள். அவர்களுக்கு இருக்க இடம் கொடுத்ததே நாங்கள்தான் என்று இங்கே சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்கிற ஆளில்லை. எனக்குச் சனத்தில் வித்தியாசம் கிடையாது. யுத்தம் முடிந்து முகாமில் கிடந்தபோது முதிரையடி ராக்காயியின் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே தறப்பாள் கூரைக்குக் கீழேதான் படுத்தோம். தண்ணீர் வரிசையில் பத்மாசனி தலைசுற்றி விழுந்தபோது அவளைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தது ராக்காயி. இதை நான் மேடையிலேயே சொல்லியிருக்கிறேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

எங்கள் வட்டாரத்தில் வாக்கு இரண்டு பக்கமும் சரிபாதி என்றுதான் முன்பு கணக்கு. இப்போது அவர்கள் கொஞ்சம் கூட. அவர்களுடைய பிள்ளைகள் ஊரில் நிற்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் கனடாவில் பனி தள்ளுகிறார்கள். அதற்கு யாரை நோவது? ஆனாலும் பிரதேச சபைக்குப் போகிற உறுப்பினர் எப்போதும் இந்தப் பக்கத்து ஆள்தான். கடைசி இரண்டு தடவையும் நான். கமக்காரர் அமைப்புக்கும் நான்தான் தலைவர், யானைவேலிச் சங்கத்துக்கும் நான்தான். நான் பதவிக்கு அலைகிறவன் அல்ல. வேறு ஆளில்லை என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

தேர்தல் அறிவித்த உடனே முதிரையடிச் சனம் பத்துப் பதினைந்து பேராக இந்த விறாந்தைக்கு வந்தார்கள். முன்னுக்கு நின்றது சுமித்திரா, ராக்காயியின் மகள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. பிறந்து வளர்ந்தது இங்கே என்றபடியால் கதையும் எங்களுடைய பிள்ளைகளின் கதை மாதிரித்தான். இந்த முறை வட்டார வேட்பாளராகத் தங்கள் பக்கத்தில் ஒருவரைக் கட்சி நிறுத்தவேண்டும் என்றாள். அது முடியாவிட்டால் பட்டியலிலாவது ஒரு இடம். அதுவும் முடியாவிட்டால் யானைவேலிப் பெட்டி முதிரையடிக்கு வரவேண்டுமாம்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலிக்கம்பிக்குக் கறண்ட் கொடுக்கிற பெட்டி அது, சூரிய வெளிச்சத்தில் சார்ஜ் ஏறும். கம்பி ஓடுவது காட்டோரம், அதாவது அவர்கள் பக்கம். கம்பிக்குக் கீழே முளைக்கிற பத்தையை வெட்டுவதும் அவர்களுடைய வேலை. பெட்டி மட்டும் என் வளவில், பூட்டின அறைக்குள், பூட்டின் திறப்பு என் மடியில். பின்னேரம் ஆறு மணிக்கு நான் கறண்டைப் போடுவேன், விடிய நிப்பாட்டுவேன்; அதைத்தான் வேலி போடுகிறது என்போம். வேலி வந்த காலத்தில் கல்வீடும் பூட்டும் என்னிடம்தான் இருந்தன. அதனால் என்னிடம் தந்தார்கள். அதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை.

"ஐயா, பத்தை வெட்டுறது நாங்கள். யானைக்கு முழிச்சிருக்கிறதும் நாங்கள். திறப்பு மட்டும் ஏன் உங்கட மடியில இருக்கு?" என்றாள் சுமித்திரா.

"பிள்ளை, திறப்பு எண்டது ஒரு பொறுப்பு. கண்ட நிண்ட ஆக்களிட்டக் குடுக்கேலாது."

"நாப்பது வருசத்துக்கு மேல இருக்கிறம். இன்னும் கண்ட நிண்ட ஆக்களோ?"

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ராக்காயிதான் பயந்துபோய் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "சின்னப்புள்ள தெரியாம பேசுதுங்கய்யா, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். நான் மனதில் வைக்கவில்லை. அடுத்த முறை பார்ப்போம் என்று நல்ல மாதிரிச் சொல்லி அனுப்பினேன். போன முறையும் அதைத்தான் சொன்னேன், அப்போது சந்தோசமாகப் போனார்கள். இந்த முறை நேரே போய்ச் சுயேச்சைக் குழுவாக நியமனப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். வேட்பாளர் சுமித்திரா.

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஒளிக்கவில்லை. அந்தப் பெட்டை வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் பக்கத்துப் பெண்களே அவளைக் கூப்பிட்டு வைத்துக் கதைத்தார்கள். ஒருநாள் சாப்பாடு போடும்போது பத்மாசனி சொன்னாள், "அவள் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்குத்தானேப்பா." நான் பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவினேன். இன்றைக்கு வட்டாரம் போனால் நாளைக்கு வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறையும் போகும், நாளையின்றைக்குக் கோயில் திருவிழாவில் எங்களுடைய உபயமும் போகும். அதைவிடப் பெரிய விசயம், வாக்குப் பிரிந்தால் நடுவில் வேறு ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுவான். தமிழ்ச்சனம் பிரியக்கூடாது தம்பி. நான் யோசித்ததெல்லாம் அந்த ஒற்றுமையைத்தான்.

இனி அன்றைய பின்னேரத்துக்கு வருகிறேன்.

தனியன் யானை ஒன்று ஒரு கிழமையாக முதிரையடிக் காட்டில் நின்றது. எல்லோருக்கும் தெரியும். கால போகம் வெட்டி, நெல்லுக்கு விலை ஏறட்டும் என்று அவர்கள் மூட்டைகளை வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைத்திருந்தார்கள். நெல் மணம் யானையை எங்கிருந்தாலும் இழுக்கும். இதுவும் எல்லோருக்கும் தெரியும். வாக்களிக்கிற பள்ளிக்கூடம் எங்கள் பக்கம். அவர்கள் குளக்கட்டால் நடந்துதான் வரவேண்டும். ஊருக்குள் யானை வந்து போன மறுநாள், பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிக்கிடமாட்டார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான். இரண்டு வாழை முறியும், ஒரு மூட்டை நெல் போகும். நட்டஈட்டுக்கு நானே எழுதிக்கொடுத்து எடுத்துத் தரலாம் என்றும் நினைத்தேன்.

ஆகவே ஆறு மணிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். மற்ற நாட்களில் ஒரு வேலை செய்வேன், அன்று செய்யவில்லை. பத்மாசனி குசினிக்குள் இருந்து, "வேலி போட்டாச்சே?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டுக் குளக்கட்டுக்கு நடந்தேன்.

மம்மல் பொழுது. தனியன் காட்டுக்குள்ளிருந்து ஆறுதலாக வந்தது. கம்பிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. பிறகு வேலிக்கட்டை ஒன்றைக் காலால் சாய்த்து, கம்பியைத் தாண்டி உள்ளே போய், வாழைத்தோட்டத்துக்குள் மறைந்தது. கம்பி அறவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், பார்க்க வடிவாக இருந்தது. நான் திரும்பி வந்து முகம் கழுவி, சாமிக்கு விளக்கு வைத்தேன்.

அப்போதுதான் சுமித்திராவிடமிருந்து போன் வந்தது. அவளுடைய தமையன் பரமேஸ்வரன்தான் முதிரையடியில் வேலியைப் பார்க்கிறவன். பச்சைப் புல் ஒன்றைப் பிடுங்கிக் கம்பியில் வைத்தால், கறண்ட் இருந்தால் கையில் சின்னதாகச் சுள்ளென்று வரும். அப்படித்தான் அவன் பார்ப்பான். ஊரின் மற்றப் பக்கத்தில் அன்று வைத்துப் பார்த்திருக்கிறான், ஒன்றும் வரவில்லை. உள்ளே யானை வந்தது அவனுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"ஐயா, கம்பியில கறண்ட் இல்லையாம். மறந்துபோனீங்களோ தெரியேல்ல. கெதியாப் போட்டுவிடுங்கோ ஐயா."

"ஓம் பிள்ளை, இப்பப் போடுறன்," என்றேன்.

தம்பி, யானைவேலியில் ஒரு சட்டம் இருக்கிறது. யானை உள்ளே நிற்கும்போது வேலி போடக்கூடாது. கறண்டை நிப்பாட்டி, அது வந்த வழியைத் திறந்துவிட்டு, வெடி போட்டுக் கலைக்கவேண்டும். போட்டால் வேலி யானையை வெளியே வைக்காது, உள்ளே வைக்கும். சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வருசமும் இதை எழுந்து நின்று சொல்வது நான்தான்.

போனை வைத்துவிட்டு அறையைத் திறந்து வேலியைப் போட்டேன். அவள் கேட்டாள், நான் போட்டேன். காலையில் யாராவது வந்து பார்த்தாலும் கம்பியில் கறண்ட் இருக்கும், என்னில் ஒரு பிழையும் வராது என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் யானைவெடிச் சத்தம் கேட்டது. குளத்துத் தண்ணீருக்கு மேலால் சத்தம் நன்றாக வரும். சனம் வெடி போட்டுக் கலைக்க, தனியன் காட்டுப் பக்கம் ஓடும். கம்பி அடிக்கும். பிளிறிக்கொண்டு திரும்பி வீடுகளுக்குள் ஓடும். அவர்கள் மறுபடியும் கலைப்பார்கள். ஏன் இது போகுதில்லை என்று அவர்களுக்கு விளங்கவில்லை. கலைக்கக் கலைக்க அதற்கு விசர் ஏறியது. ராக்காயிக்கு முழங்கால் வருத்தம், மற்றவர்கள் ஓடினது போல் ஓட முடியாது. நெல் மூட்டை இருந்த அறைச் சுவரோடு ஒதுங்கி இருந்திருக்கிறாள். சுவர் அவளுக்கு மேலே வந்தது, யானை சுவருக்கு மேலால் வந்தது.

மறுநாள் முதிரையடியிலிருந்து வாக்குப் போட வந்தது ஒரே ஒரு ஆள். சுமித்திரா. தாயின் உடம்பை ஆசுபத்திரிக்கு ஏற்றிவிட்டு நேரே வந்திருக்கிறாள், சட்டையில் சேறு காய்ந்து கிடந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று அவளுடைய தலையைத் தடவி, "மனதைத் தளர விடாதை பிள்ளை, நாங்கள் இருக்கிறம்," என்றேன்.  அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

நான் வென்றேன். செத்தவீட்டுக்குக் கதிரை ஏற்றிப் போனது என் உழவு இயந்திரம். நட்டஈட்டுப் பத்திரத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். சபையின் முதல் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, ராக்காயிக்கு அஞ்சலி செலுத்தவேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தது யார் என்று விசாரித்துப் பாருங்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மலையகத்துப் பெண் ஒருத்திக்காக இந்தச் சபை எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

பரமேஸ்வரனின் விசயம் கொஞ்சம் கவலைதான். பத்தை வெட்டாதபடியால் புல் முட்டிக் கறண்ட் இறங்கியிருக்கும் என்று சங்கக் கூட்டத்தில் நான் பொதுவாகத்தான் சொன்னேன். அவனுடைய பெயரை எடுக்கவில்லை. அவன் எழும்பி, "முதல்ல கறண்ட் இருக்கல்ல. யானை உள்ளுக்கு வந்த பிறகுதான் வந்திச்சு," என்று கத்தினான். பெற்ற தாயைக் கொன்றுவிட்டு நியாயம் பேசுகிறாயா என்று அவனுடைய சொந்தச் சனமே அவனை அடிக்கப் போனது. நான்தான் இடையில் பாய்ந்து விலக்குப் பிடித்தேன். இப்போது முல்லைத்தீவில் ஒரு மீன்வாடியில் நிற்கிறானாம், ஊருக்கு வருவதில்லை. அவன் சொன்னதைத் தங்கச்சி நம்பத்தான் இத்தனை மாதம் எடுத்திருக்கிறது. நம்பி முறைப்பாடு எழுதிப்போட்டபடியால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

பத்மாசனியும் ஒரே ஒருதடவை கேட்டாள். "அந்த நேரம் ஏனப்பா பெட்டி அறையைத் திறந்தனீங்கள்? ஆறு மணிக்கே போட்டாச்சு எண்டு சொன்னீங்களே." நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வயலுக்கு இறங்கினேன். அவளும் பிறகு கேட்கவில்லை. பேரனுக்குச் சளி என்று வெளிக்கிட்டது அடுத்தநாள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வேலி போட்டது ஆறு மணிக்கு அல்ல. ஏழு மணி தாண்டி, யானை உள்ளே போனதை என் கண்ணால் பார்த்த பிறகு, தெரிந்துகொண்டுதான் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சுமித்திராவே உங்களுக்குச் சொல்லியிருப்பாள். வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கின பிறகு என் போன் திரும்பவும் அடித்தது. அவள்தான். நின்று நின்று பலதடவை அடித்தது. போன் இந்த மேசையில் கிடந்தது, நான் இந்தக் கதிரையில் இருந்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வேலியை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டிருப்பாள் என்று நீங்கள் சொல்லலாம். அவள் என்ன கேட்டிருப்பாள் என்று நான் எப்படிச் சொல்வது? என் காதில் விழுந்தது போடச்சொல்லிக் கேட்டது மட்டும்தான், அதை அந்த நிமிசமே செய்து கொடுத்தேன். முதிரையடிச் சனம் வாய்விட்டுக் கேட்ட ஒன்றை இந்தச் சிற்றம்பலம் ஒருநாளும் இல்லை என்று சொன்னது கிடையாது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.