சிவப்புப் புள்ளி

நெயில் பாலிஷ் வாங்கக் கடைக்குப் போனது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை, சார். எந்தச் சிவப்பு என்று கடைக்காரப் பெண் கேட்டதும் திருதிருவென்று முழித்தேன்.

அஸ்திவாரம் போடுவதுதான் என் தொழில். பாகம் பிரித்தபோது, அண்ணன் கெட்டி மண்ணை வீட்டோடு எடுத்துக்கொண்டு, குட்டையைத் தூர்த்த பக்கத்தை என் தலையில் கட்டினார். "நீதான் பெரிய இன்ஜினியராச்சே, கட்டிக் காட்டு பாப்போம்" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

என் பக்கம் நல்ல மண் கிடைக்க, அண்ணன் வீட்டு அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்ட வேண்டியிருந்தது. பக்கத்துச் சுவரை ஒட்டித் துண்டு துண்டாகத்தான் தோண்ட வேண்டும். ஒரு துண்டில் கான்கிரீட் இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான் ஒரேயடியாகத் தோண்டினேன். மழைக்கு முன் முடிக்க வேண்டாமா?

அண்ணன் வீட்டுக் கூடத்துச் சுவர் விரிசல் விட்டது. அண்ணிக்கு என் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. அவர் மனம் ஆற, விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் இது உடையும், உடையாதவரை பயமில்லை என்றேன்.

சீக்கிரமே உடைந்தது. பார்த்தால் வேலையை நிறுத்தி, குழியை மூடச் சொல்வார்கள். அண்ணன் மறுபடி சிரிப்பார். அண்ணி கடைக்குப் போன நேரத்தில் வேறொன்று ஒட்டினேன்.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. கண்ணாடி புதுசாக மின்னுகிறதே என்றார். துடைத்தேன் என்றேன். மறுநாள் பார்த்தால் அதன் மூலையில் ஒரு புள்ளி, அவர் நகத்திலிருந்த அதே சிவப்பு. மனசு விட்டுப்போச்சு, சார். குடும்பத்துக்குள் இப்படியா சந்தேகப்படுவது?

அடுத்ததும் உடைந்தது. புதுத் துண்டை ஒட்டி, அதே மூலையில் புள்ளி வைத்தேன்.

அண்ணி குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார். "உங்கள தப்பா நெனச்சிட்டேன், தம்பி. பாப்பாவோட எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு பெட்டி கட்டி வெச்சிருந்தேன். இனிமே எதுக்கு?"

டீ நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

என் அஸ்திவாரம் முடிந்தது. ஓரத்துப் பள்ளத்தை மண் போட்டு நிரப்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சுவர் சரிந்தபோது மூன்று பேரும் உள்ளேதான் இருந்தார்கள். ஆமாம், ஒவ்வொரு தடவையும் கண்ணாடியை மாற்றியது நான்தான்.

ஆனால் நீங்கள் ஒரு நடை வந்து பாருங்கள், சார். அவ்வளவு பாரம் மேலே விழுந்தும் என் அஸ்திவாரத்தில் மயிரிழை விரிசல்கூட இல்லை. அண்ணன் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.