காந்தக் குடுவையின் கீழே எழுத வேண்டியது

அவையை அடக்கி ஆளும் தலைவர் அவர்களே, வானத்தோடு வாழ்நாளெல்லாம் வாதாடி வரும் வானொலிச் சங்கத்தின் மூத்தோர்களே, கம்பம் நாட்டவும் கம்பி கட்டவும் கணவன்மாரை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன காப்பியோடு காத்திருந்து பழகிய தாய்மார்களே, தாமதமாக வந்ததால் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

செயலாளர் என்னை "வானொலி வேந்தரின் வாழ்க்கைத் துணை" என்று அறிமுகம் செய்தார். என் கணவர் வேந்தர் அல்லர். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளர். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் தவறான விடைக்கு ஓர் அடி, மிகையான விடைக்கு இரண்டு அடி. ஆகவே திருத்திவிட்டேன். மன்னிக்கவும்.

இதோ, இந்தத் துணிக்கு அடியில் அவருடைய காந்தக் குடுவை இருக்கிறது. கீழே ஒரு பித்தளைத் தகடு: "பிழையே சொல்லாத கருவி, பிழையே செய்யாத மனிதர்." துணியை விலக்கத்தான் என்னை அழைத்தீர்கள். அந்த வாசகம் அங்கே இருக்கும்வரை என் கை துணியைத் தொடாது.

என்ன முணுமுணுப்பு அங்கே? "அம்மாவுக்கு என்ன ஆச்சு" என்கிறீர்களா? அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து கேளுங்கள்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கையாளும் அலைகளில் நீளமானது, தாழ்வானது, நூற்றறுபது மீட்டர் அலை. பகலில் அது பக்கத்து ஊரைத் தாண்டத் திணறும். ஏன்? கதிரவன் வானத்தின் கீழ்த்தட்டில் ஒரு போர்வையை விரிக்கிறான். தாழ்ந்த அலைகளை அந்தப் போர்வை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்தால் போர்வை கலையும். அலை மேலே ஏறும், மேல்தட்டில் மோதும், கடல் கடந்து இறங்கும். ஆனால் கதிரவன் சீறும் நாட்களில்? பூமியின் காந்தம் குலுங்குகிறது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பொழிகின்றன, இரவிலும் போர்வை கலைவதில்லை. அதைத்தான் காந்தப் புயல் என்கிறீர்கள்.

அந்தப் புயலைக் காட்டுவதுதான் இந்தக் குடுவையின் வேலை. பட்டு நூலில் தொங்கும் ஒரு காந்தம், அதில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு, அதன்மேல் விழும் விளக்கொளி, எதிர்ச்சுவரில் ஒளிப்புள்ளி. வானம் அமைதி என்றால் புள்ளி அமைதி. வானம் ஆடினால் புள்ளி ஆடும். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு படம் மாட்ட எனக்கு உரிமை இல்லை. அது புள்ளியின் சுவர். நான் சாவிக்கொத்தோடு நடந்தால்கூட, "சூரியன்ல வெடிப்பா, இல்ல உன் இடுப்புச் சாவியா?" என்று கத்துவார். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன்.

என் கணவருக்கு ஒரே தம்பி. கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்து, வடக்கே ஒரு குளிர்நாட்டில் குடியேறியவர். அண்ணன் தம்பி இருவருக்கும், வீட்டில் செட் வைத்து வானலையில் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசும் வானொலிப் பித்து. என் மாமியார் இறந்தபோது, தம்பி வந்து சேர்வதற்குள் என் கணவர் அடக்கத்தை முடித்துவிட்டார். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாண்ணே?" என்று அவர் வாசலில் நின்று கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால், வானலையில் சண்டை போடக்கூடாது என்பது உங்கள் வழக்கம் அல்லவா? அழைப்புக்குறி, சிக்னல் எப்படி, வணக்கம். அவ்வளவுதான். அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தொலைபேசியில் பேசாத சகோதரர்கள் தாழலையில் மட்டும் பேசினார்கள். எங்களுக்கு விடியல், அவருக்கு அந்தி. நடுவில் இருள் விரிந்திருக்கும் அந்தச் சிறு பொழுதில், மோர்ஸ் சாவி தட்டும் ஒலி கேட்டால் எனக்குத் தெரியும், இந்தக் குடும்பம் இன்னும் அறுந்துவிடவில்லை என்று.

பிறகு ஒரு பெரும் புயல் வந்தது. புள்ளி சுவரெல்லாம் அலைந்தது. தம்பியின் சிக்னல் மறைந்தது. என் கணவர் கலங்கவில்லை. புள்ளி நிற்கட்டும் என்று காத்திருந்தார். புள்ளி நின்றது. தம்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"புள்ளி ஆணி அடிச்ச மாதிரி நிக்குது, பாத்தியா? வழி திறந்துடுச்சு. அவன்தான் வாயைத் திறக்கல."

"ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"நான் எதுக்குப் போடணும்?"

"ஊருக்கெல்லாம் இணைப்புக் குடுத்த ஆளு கேக்குற கேள்வியா இது?"

அவர் போடவில்லை, நான் போட்டேன். கொழுந்தனார் பதறிப்போனார். "அண்ணி, நான் தினமும் கூப்பிடுறேன். அண்ணன்தான் பதில் குடுக்கல. என்மேல இன்னும் கோவமா?"

ஓடிவந்து சொன்னேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "பொய் சொல்றான். கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும்."

கூடப்பிறந்தவனின் வாயை நம்பவில்லை, கூடத்துப் புள்ளியை நம்பினார். மாடிக்கு ஏறி ஏரியல் கம்பியை அறுத்தெறிந்தார். அது மட்டுமா? இதே கூடத்தில், இதே மேடையில் நின்று, "என் தம்பி கூப்பிடாமலே கூப்பிட்டதாகப் புளுகுகிறான்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். அன்று தட்டிய கைகளில் சில இதோ முதல் வரிசையில் மடியில் இருக்கின்றன.

அந்தச் செய்தி குளிர்நாட்டுக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று.

சில ஆண்டுகள் கழிந்தன. காந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அம்மையார் இங்கே உரையாற்ற வந்தார். புயலுக்குப் பின் காந்தமுள் அடங்கினாலும், வடக்கே துகள்மழை உடனே நிற்பதில்லை, தாழலைப் போர்வை பல நாள் நீடிக்கக்கூடும் என்று படம் போட்டு விளக்கினார். கடைசி வரிசையிலிருந்து என் கணவர் எழுந்தார்.

"முள் நின்ன பிறகுமாம்மா?"

"ஆமாங்க. முள் நின்ன பிறகும்தான்."

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

"டேய், நீ கூப்பிட்டிருக்கடா. எனக்குத்தான் கேக்கல."

"பரவாயில்லண்ணே."

"நாளைக்கு விடியக்காலம் கூப்பிடட்டுமா? கம்பியைத் திரும்பக் கட்டிடுறேன்."

"ரேடியோ செட்டை யாருக்கோ குடுத்துட்டேண்ணே. பரவாயில்ல, விடுங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

மன்னிப்பு வந்தது, தம்பி வரவில்லை. மரியாதை வந்தது, உறவு வரவில்லை. அன்பர்களே, திட்டியிருந்தால்கூட என் கணவர் தூங்கியிருப்பார். அந்தப் "பரவாயில்ல" அவரைத் தூங்கவிடவில்லை.

இந்த மேடையில் சொன்னதை இந்த மேடையிலேயே திருத்த வேண்டும் என்று துடித்தார். "அடுத்த கூட்டத்துல சொல்லிடுறேன்" என்பார். கூட்டத்துக்கு வருவார், பிஸ்கட் சாப்பிடுவார், வாய் திறக்காமல் திரும்புவார். என்ன ஆச்சு என்றால், "நேரம் குடுக்கல" என்பார். நேரம் கேட்டால்தானே கொடுப்பார்கள்? கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் நான் கேட்டு வாங்கி நிற்கிறேன். குடுவை பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. காந்தம் அடங்கியதா என்று கேட்டால் அது பதில் சொல்லும். தம்பி அழைத்தானா என்று அதனிடம் யார் கேட்கச் சொன்னது? காதுக்கு எட்டாததெல்லாம் கூப்பிடாததா? பதில் வராதவரெல்லாம் பகைவரா? கேட்கவில்லை என்பதற்கும் அழைக்கவில்லை என்பதற்கும் நடுவே எத்தனை வானம் இருக்கிறது!

தலைவர் தலையை ஆட்டுகிறார். "மாத்திடலாம்மா" என்கிறார். எப்போது? அடுத்த கூட்டத்திலா? அடுத்த கூட்டம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். செயலாளர் அவர்களே, எழுதுங்கள்: "இந்தப் புள்ளி நின்ற பின்னும் வானம் மூடியிருந்தது. தம்பி அழைத்தது உண்மை." தகட்டின் மேல் ஒட்டுங்கள். கோணலாக வேண்டாம், நேராக.

அன்று கை தட்டியவர்கள் இப்போது எழுந்து நில்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். உங்கள் முழங்காலுக்கே தெரியும்.

நன்று. இதோ, துணியை விலக்குகிறேன்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், நேராக ஒட்டிய செயலாளருக்கும், எழுந்து நின்ற பெரியவர்களுக்கும் என் நன்றி. இன்னும் உட்கார்ந்தே இருக்கும் இருவருக்கும் என் வணக்கம்.