படிவத்தின் ஒன்பதாம் கேள்வி

உங்கள் விசாரணை அறையின் நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் மருத்துவமனையில் துணைக்கு வந்தவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலிகளில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். தாய்மொழியிலேயே எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னதும் நல்ல யோசனைதான். இதை ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பீர்கள். எதையும் விட வேண்டாம், எதையும் சேர்க்கவும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

என் தங்கை இறந்ததைப் பற்றித்தான் எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் என் வேலை என்னவென்று தெரியாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

பதினொரு வருடமாக நான் மூக்கு வார்டில் மொழிபெயர்ப்பாளர். மூக்கு வார்டு என்பது நாங்கள் வைத்த பெயர். வாசல் பலகையில் முக அழகு அறுவை சிகிச்சைப் பிரிவு என்று எழுதியிருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் விமானம் ஏறி வருவார்கள். பத்து நாள் தங்கி, மூக்கை இடித்துக் கட்டிக்கொண்டு, கட்டுப் பிரித்ததும் திரும்பிப் போவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டால் சுற்றுலா போய் வந்தோம் என்பார்கள். போகும்போது ஒரு மூக்கு, வரும்போது வேறு மூக்கு. கண் இருக்கிறவனுக்கு இது தெரியாதா என்று யோசிக்கும் அளவுக்கு அவர்களுக்கு மூளை கிடையாது.

வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "மூச்சு விடக் கஷ்டமா இருக்கு டாக்டர்." அழகாக வேண்டும் என்று சொல்ல வெட்கம். ஒரு ஜவுளிக் கடைக்காரர் மூச்சைப் பற்றிக் கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு நடிகரின் படத்தை எடுத்து நீட்டினார். இவர் நன்றாக மூச்சு விடுகிறாரா என்று கேட்க எனக்கு நாக்கு அரித்தது. கேட்கவில்லை. இன்னொரு அம்மா, கல்லூரிப் பேராசிரியை, கல்யாணத்துக்கு முன்னால் மகளை அழைத்து வந்தார். "பொண்ணு மூக்கும் முழியுமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். முழி அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்தது, அன்றைக்குப் பயத்தில் இன்னும் பெரிதாகியிருந்தது. இதையெல்லாம் முகம் சுளிக்காமல் கேட்டு, முகம் சுளிக்காமல் இன்னொரு மொழியில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் அறுவை மருத்துவரைப் பற்றியும் கேட்டீர்கள். மனிதர்களுக்கு மூக்கைச் சுற்றி முகம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். என்னைப் பதினொரு வருடமாகத் தினமும் பார்க்கிறார். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

எனக்கும் தங்கைக்கும் அப்பாவின் மூக்கு. நடுவில் ஒரு மேடு, நுனியில் கீழ்நோக்கி ஒரு வளைவு. அதே மூக்குதான். அளவெடுத்துப் பார்த்தாலும் நூலிழை வித்தியாசம் இருக்காது. ஆனால் வீட்டில் அவளைக் கிளி என்று கூப்பிட்டார்கள், என்னைக் கழுகு என்றார்கள். என்னைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்தார்கள். மூன்று முறையும் தரகர் திரும்பி வந்து, "பொண்ணு தங்கமான பொண்ணுதான், மூக்குதான் கொஞ்சம் எடுப்பா இருக்குங்கறாங்க" என்று இழுத்தார். சரி, மூக்குதான் காரணம் என்று நானும் ஏற்றுக்கொண்டேன். மொழி படித்தேன், வேலை தேடி இங்கே வந்துவிட்டேன். அடுத்த வருடம் தங்கையைப் பார்க்க முதல்முறையாக ஒரு வீட்டார் வந்தார்கள். சாயங்காலம் வந்து போனவர்கள் மறுநாள் காலையில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அவள் முகத்தில் இருந்ததும் அதே மூக்குதான். இதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அந்தத் தங்கைதான் போன மாதம் மூக்கு மாற்றிக்கொள்ள வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளை விடப் பெரிய பெட்டியோடு என் வீட்டில் வந்து இறங்கினாள். "என்னக்கா இப்படித் துரும்பா இளைச்சுட்ட" என்று கட்டிக்கொண்டாள். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் தாடை இறுகி, உடம்பு நெருப்பாகக் கொதித்து, மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தாள். இன்னின்ன மருந்தை இவருக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உயிருக்கு ஆபத்து, இது இரத்த உறவுகளுக்கும் இருக்கலாம் என்று அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு அது. அதை லேமினேட் செய்து வைத்திருந்தாள்.

"நீயே வச்சுக்கோக்கா. நான் எங்கயாவது தொலைச்சுடுவேன். எப்படியும் நீதானே அவங்ககிட்டப் பேசப் போற."

வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்தபடி மூக்கு நுனியை ஒரு விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இது ஒரு பிரச்சனையே இல்லக்கா. அவருக்கும் இந்த மூக்குதான் பிடிக்குமாம், எதுக்குடி வீண் வேலைன்னு திட்டினாரு. சும்மா ஒரு ஆசை. பசங்க ரெண்டும் ஸ்கூல் போக ஆரம்பிச்சாச்சு, இப்ப விட்டா அப்புறம் எப்ப?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் பண்ணிக்கோயேன்க்கா. இங்கயே வேலை பாக்கற, சலுகையும் குடுப்பாங்கல்ல. இந்த மூக்கை வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா இந்த ஆஸ்பத்திரியில எப்படித்தான் உக்காந்திருக்கியோ." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கெட்ட எண்ணம் வைப்பதற்கும் கொஞ்சம் புத்தி வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மூக்கால் வாழ்க்கை போனவள் மூக்கை மாற்ற வந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாம் கிடைத்தவள், புருஷன் பிடித்திருக்கிறது என்று சொல்லும் மூக்கை, பொழுது போகாமல் வந்து வெட்டிப் போடுகிறாள் என்றால் அதை என்ன சொல்வது? வேறு யாராக இருந்தாலும் எனக்கு இப்படித்தான் தோன்றியிருக்கும்.

புதன்கிழமை மயக்க மருந்து மருத்துவர் அவளைப் பார்த்தார். இளைஞர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பவர். எங்கள் நடைமுறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் உங்கள் மொழியில் இருக்கும். நோயாளிக்கு அது படிக்கத் தெரியாது. மருத்துவர் கேட்பார், நான் நோயாளியிடம் கேட்பேன், பதிலை மருத்துவரிடம் சொல்லி ஆம் அல்லது இல்லை என்று நானே குறிப்பேன். கடைசியில் நோயாளி கையெழுத்துப் போடுவார், கீழே நான் போடுவேன். தனக்குப் படிக்கத் தெரியாத தாளில் ஒருவர் உயிரை எழுதிக் கொடுக்கிறாரே என்று இத்தனை வருடத்தில் எந்த மருத்துவரும் கவலைப்பட்டதில்லை. அவர்களுக்குக் கட்டம் நிரம்பினால் போதும்.

ஒன்பதாம் கேள்வி: உங்களுக்கோ உங்கள் இரத்த உறவினர்களுக்கோ மயக்க மருந்தால் எப்போதாவது பாதிப்பு ஏற்பட்டதுண்டா?

தங்கை ஆரம்பித்தாள். குடல்வாலில் தொடங்கி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி தவறியது, மாமியார் அழுதது, ஐஸ் கட்டிகளை உடம்பு முழுவதும் வைத்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். முழுதாக நான்கு நிமிடம். முடித்ததும் மருத்துவர் என்னைப் பார்த்தார்.

நான் இல்லை என்றேன்.

"இவ்வளவு பேசினாரே, அதற்கு ஒரே ஒரு சொல்லா?" என்று அவர் கேட்டார்.

"என் தங்கையிடம் மணி என்ன என்று கேட்டாலும் இவ்வளவு பேசுவாள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"என்னக்கா சிரிக்கிறாரு?"

"பயப்படாதேன்னு சொல்றாரு. வேற மருந்து குடுப்பாராம்."

"அந்தச் சீட்டு?"

"எல்லாம் சொல்லியாச்சு. கையெழுத்துப் போடு."

போட்டாள். நீண்ட பேச்சைச் சுருக்கிச் சொல்வது எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. நான் நினைத்தது இவ்வளவுதான்: காய்ச்சல் வரும், அறுவையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், மூன்று நாள் படுத்திருப்பாள், அப்பா கொடுத்த மூக்கோடு ஊர் போய்ச் சேர்வாள். ஒருமுறை பிழைத்தவள் இன்னொரு முறை பிழைக்க மாட்டாளா என்ன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தலையில் பச்சைத் தொப்பி போட்டிருந்தாள். "அக்கா, இங்கேயே இரு, எங்கேயும் போயிடாத" என்றாள். நான் எங்கேயும் போகவில்லை. பத்து மணி வாக்கில் ஒரு தாதி ஐஸ் பைகளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். பின்னாலேயே இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் அந்த மருத்துவர் வெளியே வந்தார். முகமெல்லாம் வியர்வை. இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இதற்கு முன்னால் உங்கள் தங்கைக்கு இப்படி வந்திருக்கிறதா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

கைப்பை என் மடியில்தான் இருந்தது. "படிவத்தில் எழுதியிருப்பதுதான்" என்றேன்.

அவர் உள்ளே போனார். அவர்களாகவே ஊகித்து, இன்னொரு கட்டிடத்திலிருந்து அதை முறிக்கும் மருந்தை வரவழைத்திருக்கிறார்கள். தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. மூக்கில் கத்தி படவே இல்லை. பிறகு பார்த்தேன், அப்படியே இருந்தது.

அவள் கணவரிடம் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. அறுவை மருத்துவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். "என்னக்கா சொல்றீங்க?" என்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே சொற்களில் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை, ஒரு சொல் சேர்க்கவில்லை. பக்கத்தில் நின்ற தாதிகள் அழுதார்கள். தொழில் தெரியாதவர்கள்.

நேற்று நீங்கள் என் முன்னால் இரண்டாவதாக ஒரு தாளை வைத்து, இதைப் பற்றியும் எழுதுங்கள் என்றீர்கள். அந்தப் படிவம் என்னுடையதுதான். செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், திங்கட்கிழமை அவள் சொன்னதற்கு மறுநாள், அறுவை மருத்துவரின் அறைக்குப் போய் எனக்கும் நாள் கேட்டேன். இந்த மாதம் பதினெட்டாம் தேதியைக் கொடுத்தார். அப்போதுதான் என் முகத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். ஒன்பதாம் கேள்விக்கு ஆம் என்று குறித்து, 'தங்கைக்கு, இரண்டு வருடத்துக்கு முன்னால், உயிர் போகும் நிலை' என்று பக்கத்தில் எழுதினேன். தங்கையின் சீட்டை நகலெடுத்து இணைத்தேன். என் உயிர் விஷயத்தில் அசிரத்தையாக இருக்க முடியுமா?

அந்தப் படிவத்தை நிரப்பிய பேனாவால்தான் மறுநாள் அவள் படிவத்தையும் நிரப்பினேன். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் இல்லை என்று குறித்தேன். காய்ச்சல், மூன்று நாள் என்று மேலே எழுதியிருப்பதை நீங்கள் அடித்துவிடலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பதினெட்டாம் தேதிக்குள் இந்த விசாரணை முடியாது போலிருந்தால் என் அறுவை நாளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், ரத்து செய்ய வேண்டாம். தங்கையின் பிள்ளைகள் சின்னவர்கள். பெரியம்மா என்று ஓடி வந்து நிமிர்ந்து பார்த்தால், இந்த மூக்கைக் கண்டு அவர்களுக்கு அம்மா ஞாபகம் வந்துவிடும். பாவம், அவர்களுக்காகத்தான் இதை மாற்றிக்கொள்ளப் போகிறேன்.