பூட்டி வைத்த பக்கம்

ஹலோ... ஹலோ, மாப்ள! கோர்ட்டுல இருந்தா என்ன, வெளிய வாங்க! கடைக்குள்ள ஆளுங்க பூந்துட்டானுங்க... ஆமா, ஆமா, என் கம்ப்யூட்டர் கடையிலதான்... கான்ட்ராக்டர் ஆளுங்க, வேற யாரு? முன் ரூம்ல ஒண்ணு விடாம உடைக்கிறானுங்க. நான் பின்னாடி ரூம்ல தாழ்ப்பாள் போட்டுட்டு நிக்கிறேன். கண்ணாடி தெறிச்சுக் காது கிழிஞ்சு ரத்தமா கொட்டுது... கேட்டுச்சா? அது பிரிண்டர்.

...போலீசுக்குச் சொல்லிட்டேன். வர்றாங்களாம். எப்ப வந்து, எதை அள்ள?

...ஆமா, சைட்ல இருக்கிற அந்தப் பக்கத்தாலதான். ஒரு பிள்ளை மேல இடிஞ்சு விழுந்துச்சே, அந்த ஸ்கூல் சுவரைப் பத்தினது. 'உள்ள கம்பியே வைக்கல, கான்ட்ராக்டர்தான் அந்தப் பிள்ளையைக் கொன்னான்'னு நம்ம ஊர் சைட்ல யாரோ... ஆமா, சைட்டு என்னுதுதான். ஆனா யார் வேணா எழுதலாம், யார் வேணா அழிக்கலாம். எழுதினவங்கதான் பொறுப்பு, இடம் குடுத்தவன் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?

...என்ன 'ஆனா'?... ஆமா, பூட்டினேன். அவன் ஆளுங்க அழிக்க, ஊர்க்காரங்க திரும்பப் போட, ஒரே சண்டை. யாரும் தொடாதீங்கன்னு பக்கத்தைப் பூட்டிட்டேன்... அந்த வரி இருக்கும்போதுதான்... படிச்சுட்டுத்தான் பூட்டினேன்... அப்ப நானே வெளியிட்ட மாதிரியா? அட போங்க மாப்ள, சட்டமாம் சட்டம்!

டேய், கதவை விடுங்கடா!... உங்களை இல்ல மாப்ள. சுவத்துல வைக்காத கம்பியெல்லாம் கையில வச்சிருக்கானுங்க!

...எழுதினவங்க பேரைச் சொன்னா என்னை விட்டுடுவானுங்களாம்... என்னது, நீங்களும் குடுத்துடுங்கன்றீங்க?... எழுதினது யாருன்னு தெரியும், தெரியும். அந்த ஐடியை நான்தான் திறந்து குடுத்தேன்... யாரா இருந்தா என்னவா? அந்த ஸ்கூல் டீச்சர் மாப்ள. இடிபாட்டைக் கையால தோண்டிப் பிள்ளையை வெளிய எடுத்தவ... ஆமா. என் தங்கச்சி. உங்க பொண்டாட்டி.

...ஹலோ?... மாப்ள?... இப்பச் சொல்லுங்க வக்கீலய்யா, குடுக்கட்டுமா?

...அழுவாதீங்க. ஸ்கூல்லதான் இருப்பா, போய் முதல்ல அவளைக் கூட்டிட்டு... என்னை விடுங்க, நான் பாத்துக்கறேன்...

ஐயோ, கதவு போச்சு!... டேய், தலையில அடிக்காத... சொல்றேன்டா, சொல்றேன்...

நான்தான்டா எழுதினேன்! ஆமாடா, நானேதான்! பிள்ளையைக் கொன்னது உங்க முதலா—