மில்லிக்கனுக்குப் போகாத சுவர்

பலகையையும் ஆணியையும் பல நூறு குடும்பங்களுக்கு வீடாக்கி அனுப்பியவரே, முப்பத்தொரு ஆண்டுகளில் 'பரவாயில்லை' என்று ஒரு சுவரையும் விடாதவரே, இன்று ஓய்வுபெறும் அன்ரனெற் அக்கா, வணக்கம்!

புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனவே, நடந்த ஒன்றை மட்டும் சபைக்குச் சொல்கிறோம்.

அன்ரனெற் அக்கா எங்கள் மரவீட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்து மூன்று மாதம் நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. அதைத் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். மில்லிக்கன் பகுதிக்குக் கொண்டுபோய்ப் பூட்டி நிறுத்தவேண்டிய வீட்டின் சுவர்கள் லொறியில் ஏறிவிட்டன. இங்கே சுவரை வெளிப்பக்கம் மேலே தெரியக் கிடத்தித்தான் அடிப்போம். வீட்டுக்குள் நிற்பதாக நினைத்துப் வரைபடத்தைப் பார்த்தால் இடப்பக்க யன்னல் வலப்பக்கம் போய்விடும். சமையலறைச் சுவரில் தான் செய்தது அதைத்தான் என்று தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. அடித்தவர் கீழ்ச்சட்டத்தில் பென்சிலால் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். அவசரத்தில் அந்தச் சுவரில் மட்டும் எழுதவில்லை. வாயைத் திறக்காவிட்டால் யாருடைய பிழை என்று எவருக்கும் தெரியாது.

நேரே மேற்பார்வையாளர் சீமோனிடம் போனார்.

"அண்ணை, யன்னல் மாறிப்போச்சு. நான்தான் பிழையா அடிச்சனான். இறக்குங்கோ."

"இன்னும் நாலு நாள் பேசாமல் இருந்திருக்கலாமே, பிள்ளை."

"பிறகு அந்த வீட்டுச் சனம் காலம் முழுக்கப் பக்கத்து வீட்டு மதிலைப் பாத்தெல்லோ சமைக்க வேணும்."

சீமோன் எல்லோருக்கும் கேட்கத் திட்டினார். திட்டியபடியே லொறியில் ஏறிக் கயிற்றையும் அவரே அவிழ்த்தார். ஐந்தாம் நாள் நிரந்தர வேலைக் கடிதத்தை அக்காவின் சாப்பாட்டுப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார்.

பிழையான சுவர் எங்கள் சாப்பாட்டு அறைக்குச் சுவராயிற்று. அதன் யன்னலால் பார்த்தால் கழிப்பறைக் கதவு தெரியும். புதிதாக வருகிறவரை முதல் நாள் அதன் முன்னே இருத்தித்தான் சாப்பிட வைப்போம். நகரத்தின் பழைய தொழிற்சாலைகளைப் பதிவுசெய்ய அண்மையில் வந்தவர்கள், இந்த யன்னல் எதற்கு என்று கேட்டார்கள். காற்றோட்டத்துக்கு என்று எங்களோடு வேலைசெய்யும் மிதுனன் புளுகத் தொடங்கினான். அக்கா விடவில்லை.

"நான் விட்ட பிழை. அதையும் எழுதுங்கோ."

எழுதிக்கொண்டார்கள். மிதுனனுக்குத்தான் முகம் சிவந்தது.

அக்கா, முழங்கால் நோவின்றி, நல்ல வெளிச்சமுள்ள யன்னலோரம், ஆறாத தேத்தண்ணீரோடு நீடூழி வாழ்க! இந்த மடலை அந்தச் சுவரில்தான் மாட்டுகிறோம். ஆணி அடித்தாயிற்று. கீழ்ச்சட்டம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. பென்சில் சீவி வைத்திருக்கிறோம்.

வாருங்கோ, பெயரை எழுதுங்கோ.

இங்ஙனம்,
சுவர் அடிக்கும் பகுதியினர்,
ஸ்காபரோ