தடைக்காலத்து மீன்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் பொருளியல் பயிலும் மாணவியர் இருவர் அமர்ந்திருந்தனர். ஜன்னலோரத்தில் இருந்தவள் தங்கச்சிமடத்துப் பெண். மற்றவளுக்கு ஊர் ஆர்.எஸ்.மங்கலம். பிறர் பேச்சுக்குச் செவிகொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும் மங்கலத்துப் பெண் கேட்ட கேள்வி என் நாளிதழைத் தாழ்த்த வைத்தது.

"ஏடி, கடலுக்கே போகாத மாசத்துல எப்படிடி மீன் பிடிச்ச?"

"புராஜெக்டுக்குப் பழைய விசைப்படகு மீன்வரத்துக் கணக்கு தேடி எடுத்தேன்ல? வருஷா வருஷம் மே மாசம் காலியா இருந்துச்சு. விட்டுப்போச்சுன்னு நெனச்சு, மத்த மாசத்துச் சராசரியைப் போட்டு ரொப்பிட்டேன்."

"அது மீன்பிடித் தடைக்காலம்டி! வயக்காட்டுக்காரி எனக்கே தெரியுது."

"கம்ப்யூட்டர்ல பாக்கையில தோணலையே புள்ள. ஒரு மாசங்கூட விடுபடலைன்னு மேடம் வேற பாராட்டிட்டாங்க. திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி அதைத்தான் விளக்கணும்."

"இப்பவே போன் போட்டுச் சொல்லிரு."

"என்னன்னு சொல்ல? மீன்பிடி போட்டுக்காரர் மகளுக்கே தெரியலைன்னா?"

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியது. இவ்வாண்டுத் தடைக்காலம் தொடங்கிவிட்டதால், கீழே விசைப்படகுகள் அனைத்தும் கடலுக்குச் செல்லாமல் நின்றிருந்தன. தங்கச்சிமடத்துப் பெண் எழுந்தாள்.

"நீ ஜன்னல் பக்கம் வந்துரு புள்ள. எங்க அப்பா போட்டும் அங்கனதான் நிக்குது, அது மொகத்துல முழிக்க முடியல."