வாய்க்கால் முறையும் வலென்சியாப் பயணமும்

இன்றைய பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அதிபர் இராசேஸ்வரி அம்மையார் அவர்களே, இந்தப் பயணத் திட்டத்தை வரைந்த புவியியல் ஆசிரியை தாட்சாயினி அவர்களே, நான் போட்ட நேரசூசிகளுக்காக இன்னும் என்னை மன்னிக்காத ஆசிரியப் பெருமக்களே, உருத்திரபுரத்திலிருந்தும் ஸ்கந்தபுரத்திலிருந்தும் வயலை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, சம்மதப் படிவத்தை மடித்துக் கைக்குள் வைத்திருக்கும் தாய்மார்களே, தெரிவான பதினாறு செல்வங்களே! அனைவருக்கும் நல்லதம்பியின் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். இந்தப் பாடசாலையில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒழுங்கு தவறிவிடுமோ என்ற பயத்தில், சொல்லப்போவதை இலக்கமிட்டு எழுதி வந்திருக்கிறேன்.

1. தாட்சாயினி ரீச்சரின் திட்டம் ஏன் பாராட்டுக்குரியது.
2. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் நம் பிள்ளைகள் எதைப் பார்க்கப் போகிறார்கள்.
3. கையொப்பமிடத் தயங்கும் தாயின் பயம் ஏன் தேவையற்றது.
4. நன்றி.

நான்காவதில் நான் பிழைவிட மாட்டேன் என்று நம்புகிறேன்.

முதலாவது. பயணச்சீட்டுச் செலவை வெளிநாட்டில் வாழும் நம் பழைய மாணவர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்து பாடங்களும் பயன்பெற வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கேட்டது. கேட்பது எளிது! ஐந்து ஆசிரியர்களை ஓர் அறையில் இருத்திப் பார்த்திருக்கிறீர்களா? கணித ஆசிரியர் ரூபன், வலென்சியாவின் பழைய பட்டு வணிக மண்டபத்தின் முறுக்குத் தூண்களை அளக்கக் காலைகள் முழுவதும் தனக்கே வேண்டும் என்றார். விஞ்ஞான ஆசிரியை பிரேமிளா விடவில்லை. "தூண் ஓடிப்போகாது சேர். குருவி காலமைதான் ஏரிக்கு வரும்" என்றார். "குருவியை இரணைமடுக் குளத்திலை பாக்கலாம் ரீச்சர், அதுக்கேன் பிளேன்?" என்றார் ரூபன். வரலாறும் தமிழும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தன.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? ஆளுக்கு நாற்பது நிமிடம் என்று வெட்டியிருப்பேன். மணி அடித்திருப்பேன். பிள்ளைகள் வலென்சியாவில் மணிச்சத்தத்தை மட்டும் கேட்டுத் திரும்பியிருப்பார்கள்.

தாட்சாயினி ரீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு கீறினார். "இது வாய்க்கால். நாங்கள் அஞ்சு பேரும் அஞ்சு காணிக்காரர். இனி முறை வைப்பம்" என்றார். சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் வயல் செய்யும் நம் கமக்காரர் அமைப்பு முறை வைக்கிறதல்லவா? இந்த நாளில் இவருக்கு, இந்த மணியிலிருந்து இந்த மணிவரை என்று? அதே முறை! முதல் நாள் வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசிக்கு. மறுநாள் கடைசியிலிருந்து தலைப்புக்கு. காலையை ஒருவரே கட்டிவைக்க முடியாது. மாலை மட்டுமே ஒருவருக்கு மிஞ்சவும் மாட்டாது. சண்டை ஓய்ந்தது, சத்தம் ஓய்ந்தது, ரூபன் சேரே எழுந்து தேநீர் ஊற்றினார்!

வகுப்பறையில் வாய்க்காலைக் கண்டவர் வேறு யார்? வயலின் அறிவை வரைபடத்தின் அறிவோடு சேர்த்தவர் வேறு யார்? இருபத்தேழு வருடம் நேரசூசி போட்ட எனக்கு அந்த ஒரு கோடு தோன்றவில்லையே! அதை இந்த மேடையில் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் பொறாமை உண்டு.

என்ன, பரமலிங்கம் அண்ணை? மைக் இல்லாமலே உங்கள் குரல் கேட்கிறது. "ஸ்பெயினுக்குப் போய் வாய்க்கால் பாக்கவோ? இஞ்சை இல்லாத வாய்க்காலோ?" என்கிறீர்கள். சிரிக்கட்டும், எல்லோரும் சிரிக்கட்டும். அதற்குப் பதில் என் இரண்டாவது விடயத்தில் இருக்கிறது.

அந்த நகரத்தைச் சுற்றி நெல் விளைகிறது, அண்ணை! நம் பிள்ளைகள் போகும் ஆவணி விடுமுறையில் அங்கேயும் வயல் பச்சையாய் நிற்கும். பெருவெள்ளத்துக்குப் பிறகு நகரத்துக்கு வெளியே திருப்பிவிடப்பட்ட ஆறு ஒன்று உண்டு. அதன் பழைய படுக்கையில் இன்று பூங்கா. அது புவியியலுக்கு. முறுக்குத் தூண்கள் கணிதத்துக்கு. நெல்வயல் சூழ்ந்த ஏரி விஞ்ஞானத்துக்கு. அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதுவது தமிழுக்கு. வரலாற்றுக்கு? வரலாற்றுக்கு, வியாழக்கிழமை நண்பகல்!

ஒவ்வொரு வியாழனும் நண்பகலில், பெரிய தேவாலயத்தின் வாசலில், வட்டமாகக் கதிரை போட்டு எட்டுப் பேர் அமர்கிறார்கள். எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பேர். கறுப்பு மேலாடை அணிந்திருப்பார்கள். பெரிய சட்டத்தரணிகளா? இல்லை. அரசாங்க அதிபர்களா? இல்லை. கமக்காரர்கள்! கமக்காரர்கள் தெரிந்தெடுத்த கமக்காரர்கள்! யார் தண்ணீரை மறித்தது, யார் முறை தவறியது என்று அங்கே வழக்கு நடக்கும். வாதம் வாயால், சாட்சி வாயால், தீர்ப்பும் வாயால். பல நூற்றாண்டுகளாக, வீதியில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் கேட்க, அது நடக்கிறது. நீரைப் பங்கிட நெஞ்சு வேண்டும். நீதியைப் பங்கிட நாலுபேர் முன் நிற்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைப் பார்க்கத்தான் போகிறோம், பரமலிங்கம் அண்ணை!

இதை விளக்கிவிட்டு, அந்த எட்டுப் பேரிடம் கேட்க ஆளுக்கொரு கேள்வி எழுதும்படி தாட்சாயினி ரீச்சர் வகுப்புகளுக்குச் சொன்னார். நல்ல கேள்விகள் எழுதிய பதினாறு பேரே தெரிவாகினர். அவற்றுள் ஒன்றை வாசிக்கிறேன். "வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் வழக்கு வைத்தால், தலைப்புக் காணிக்காரர் முகத்துக்காக நீங்கள் பேசாமல் இருந்தது உண்டா?"

எழுதியவர் ஸ்கந்தபுரம் பிரியந்தினி. பதினோராம் வகுப்பு.

இனி மூன்றாவது. பதினைந்து படிவங்கள் வந்துவிட்டன. வராத ஒன்று பிரியந்தினியுடையது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை விசா விண்ணப்பங்கள் கொழும்புக்குப் போகின்றன. கையொப்பம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்காது. அதன் தாயார் சிவலட்சுமி இரண்டாவது வரிசையில் இருக்கிறார்.

தாயே, தயக்கம் எனக்குப் புரிகிறது. கடல் தாண்டிய நாடு, கண்டறியாத ஊர், காதுக்குப் பழகாத மொழி. பெண்பிள்ளையைத் தனியே விடுவதா என்று பெற்ற மனம் பதறாதா? பயம் பிறப்பது இயல்பு. ஆனால் அந்தப் பயம் பிள்ளையின் பாதைக்குக் குறுக்கே படுக்கலாமா? இரண்டு ஆசிரியைகள் கூடவே போகிறார்கள். ஒரே விடுதி, ஒரே பேருந்து...

என்ன அம்மா? எழும்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்குக் கேட்காது, நான் திருப்பிச் சொல்கிறேன்.

"பயமோ? நான் பயமெண்டு ஆர் சேர் சொன்னது?" என்று கேட்கிறார்.

ஒருவரும் சொல்லவில்லை, அம்மா. நானே... நானே நினைத்துக்கொண்டேன்.

"அவள் நிலாவுக்குப் போறதெண்டாலும் அனுப்புவன். செவ்வாய்க்கிழமை காலமை ஆறிலயிருந்து பத்து வரைக்கும் எங்கட முறை. எங்கட காணி கடைசிக் காணி. காவடிபோல குனிஞ்ச என்ர மனுசனுக்கு முதுகு ஏலாது. நான் காமன்ஸில உடுப்புத் தைக்கப் போக பஸ் ஏறுறது அஞ்சரைக்கு. மேல மடையைத் திறந்தினமோ எண்டு வாய்க்கால் நீளத்துக்குச் சைக்கிள்ல ஓடித் திரியிறது அவள்தான். நீங்க கூட்டிப்போற கிழமை கதிர் பால்பிடிக்கிற கிழமை. அந்தக் கடைசித் தண்ணி வராட்டி எல்லாம் பதர். இதை ஆரும் எங்களிட்ட கேட்டீங்களோ?"

கேட்கவில்லை.

ஐயா, அம்மா, நாங்கள் கேட்கவில்லை. கரும்பலகையில் வாய்க்கால் கீறினோம். ஐந்து பாடங்களுக்கு முறை வைத்தோம். கைதட்டி மகிழ்ந்தோம். உண்மையான வாய்க்காலில் அந்த வாரம் யாருக்கு முறை என்று ஒருவரும் கேட்கவில்லை! திட்டத்தைச் சரிபார்க்க என்னிடம்தான் தந்தார்கள். விமான நேரம் பார்த்தேன், விடுமுறை பார்த்தேன், பரீட்சை பார்த்தேன். தண்ணீர் பார்க்கவில்லை. ரீச்சர், எழும்ப வேண்டாம், பிழை சரிபார்த்தவனுடையது.

யார் அங்கே கை உயர்த்துவது? பரமலிங்கம் அண்ணையா? "நான் பாத்துக்கொள்ளுறன் பிள்ளை, நீ அனுப்பு" என்கிறார்.

சிவலட்சுமி அம்மா சொல்வதையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக்கூடாது. "மேல மடையைத் திறக்கிறதே நீங்கதானே அண்ணை! உங்களை நம்பி வாய்க்காலை விடவோ?"

சிரிப்பு அடங்கட்டும். தயவுசெய்து அடங்கட்டும். அண்ணை தலையைச் சொறிகிறார், மறுக்கவில்லை. எழுதித் தரட்டுமா என்று கேட்கிறார். வேண்டாமாம். "எழுத்து அலுமாரிக்குள்ள கிடக்கும். இவ்வளவு சனமும் கேக்கச் சொல்லச் சொல்லுங்கோ" என்கிறார் அம்மா.

அண்ணை, இப்படி மேடைக்கு வாருங்கள். மைக் இதோ. வாய்க்குக் கிட்டப் பிடித்துச் சொல்லுங்கள்.

எல்லோரும் கேட்டீர்களா? கேட்காதவர்களுக்காகச் சொற்படியே திருப்பிச் சொல்கிறேன். "அந்தச் செவ்வாய்க்கிழமை காலமை ஆறு மணிக்கு என்ரை மடையை என்ரை கையாலை அடைப்பன். பத்து மணி மட்டும் மடையிலையே இருப்பன். கடைசிக் காணியிலை தண்ணி நிரம்பாட்டி, அடுத்த என்ரை முறையைச் சிவலட்சுமி எடுக்கட்டும்." கமக்காரர் அமைப்புத் தலைவர் எழுந்து, "கேட்டனான்" என்கிறார். பின்வரிசையும் "கேட்டனாங்கள்" என்கிறது. தாய்மார் பக்கமும் சொல்கிறது. இந்த மண்டபத்தில் இதைக் கேட்காத காது இல்லை!

சபையோரே, வியாழனும் இல்லை, நண்பகலும் இல்லை, கறுப்பு மேலாடையும் இல்லை. ஆனால் கடைசிக் காணிக்கு ஒரு வழக்கு வைக்கப்பட்டது. தலைப்புக் காணி நாலுபேர் முன் நின்று பதில் சொன்னது. பிரியந்தினி, பிள்ளை, உன் கேள்வியை அவர்களிடம் கேள். கேட்டுவிட்டு, எங்கள் ஊரில் நடந்தது இது என்றும் சொல். பார்க்க மட்டும் போகவில்லை நீங்கள், சொல்லவும் போகிறீர்கள்!

அம்மா படிவத்தை விரிக்கிறார். பேனை? பிரேமிளா ரீச்சர் கொடுக்கிறார். கதிரை முதுகில் வைத்து எழுதுகிறார். முடிந்தது. பதினாறு!

அதிபர் அம்மையாருக்கும், தாட்சாயினி ரீச்சருக்கும், மடையை அடைக்கப்போகும் பரமலிங்கம் அண்ணைக்கும், எழும்பிப் பேசிய சிவலட்சுமி அம்மாவுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும். இறங்குமுன் ஒரு திருத்தம். பயம் என்று ஒருவரையும் கேளாமல் நானாக எழுதிக்கொண்டு வந்த என் மூன்றாவது விடயம் பிழை.